கார்டு இல்லாமல் வந்த கடல்

சொந்தக் காசில் வாங்கிய பொருள் லேசில் அசிங்கமாகத் தெரியாது. நம் கண்ணே அதற்கு மெருகு போட்டுவிடும். புதுச்சட்டை முதல் துவைப்பில் சுருங்கினால், இப்போது இதுதான் நாகரிகம் என்று போட்டுக்கொண்டு திரிவோம். நான் ஒரு கடலையே அப்படிப் பார்த்தவள், அதுவும் மாதக்கணக்கில்.

அப்போது அலோர் காஜாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. (ஊரார் பார்வையைச் சரிசெய்யும் இடம் என்பதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) சாயங்காலம் தங்கா பத்து என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, குளித்து, தேத்தண்ணீரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் நான் இந்த உலகத்தில் இல்லை. சண்டை, துப்பாக்கி எதுவும் இல்லாத விளையாட்டு அது. ஒரு சின்னப் படகு, பெரிய கடல், தூரத்தில் பேர் தெரியாத தீவுகள். அந்தப் படகில் போய்க்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் என்னுடையதோ ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர். அதில் அலை எழும், பாதியில் நின்று யோசிக்கும், அப்புறம் மனம் வந்தால் விழும்.

“கடலுதான பாக்கணும்? கோலா சுங்கை பாரு கடற்கரைக்கு மோட்டர்சைக்கிள்ல போனா ஓசியிலயே பாக்கலாம்லா,” என்பார் அப்பா. அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டுபவர். அந்தக் கடலில் கரையோடு நின்றுவிட வேண்டும், என் கடலில் நின்றுவிட வேண்டியதே இல்லை என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

புதுக் கம்ப்யூட்டர் என் சம்பளத்துக்குக் கட்டுபடியாகாது. இருப்பதையே தேற்றலாம் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். மெமரியைக் கூட்டுவதா, கிராஃபிக்ஸ் கார்டு போடுவதா? படத்தை வரைந்து திரைக்கு அனுப்புவதே அந்தக் கார்டுதான் என்று தெரிந்ததும் மனம் அதன்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. கடையில் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு அதையே நினைத்துக் கிடந்தேன். கடைசியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வைத்து ஒரு மலாய்க்கார இளைஞர் தம் பழைய கார்டைக் கைமாற்றினார். “குவாட் நி, காக்,” என்றார். பலமான சாமான், அக்கா என்று மலாயில் சொன்னார். அதைத் தாங்குவதற்குப் பவர் சப்ளையையும் மாற்றியதில் என் சேமிப்பு மங்களம் பாடிவிட்டது.

எங்கள் வீட்டில் பூசை போடாமல் எந்த வண்டியும் ஓடாது. அம்மா கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். அப்பா எலுமிச்சம்பழத்தோடு வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். சக்கரத்தில் வைத்து நசுக்கவேண்டிய பழம், கம்ப்யூட்டருக்கோ சக்கரம் இல்லை. அந்த அறையில் சக்கரம் உள்ள ஒரே பொருள் என் நாற்காலிதான்.

“ஏறி ஒக்காரும்மா. சாமிய நெனச்சிக்கிட்டு முன்னால தள்ளு.”

அம்மா சூடம் காட்ட, நான் நாற்காலியில் ஊர்வலம் போனேன். பழம் நசுங்கியது, சக்கரம் வழுக்கியது, முழங்கால் மேசையில் இடித்தது. அப்பா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, “இஞ்சின எடுத்தவொடன முடுக்காத. கொஞ்ச நாளு மெதுவாவே ஓட்டு,” என்றார். நானும் விளையாட்டின் தரத்தைக் கூட்டாமல் பழையபடி அடிமட்டத்திலேயே விட்டுவைத்தேன்.

திரையில் கடல் வந்தது. அடடா! அந்தி வெளிச்சம் தண்ணீரில் கரைந்து கரைந்து ஓடியது. அடியில் வெள்ளி மீன்கள் கூட்டமாகத் திரும்புவதைக்கூடப் பார்த்தேன். அலை இன்னமும் பாதியில் நின்றது உண்மைதான். ஆனால் முன்பு அது கோளாறு, இப்போது கடல் மூச்சு வாங்குகிறது. தினமும் அதைப் பார்த்துச் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றிப் பேசினேன்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணன். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆள் குறைத்து, நஷ்டஈடு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தப் பணத்தில் பிள்ளைகள் வந்து விளையாடும் கம்ப்யூட்டர் கடை ஒன்று திறக்க ஆசைப்பட்டார். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் என் கார்டையே வாங்குவது என்று என் பேச்சை நம்பி முடிவும் செய்துவிட்டார். அவர் மனைவி கமலா அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. இருந்த பணமே அதுதான். கண்ணால் பார்க்காமல் ஒரு காசும் எடுக்க விடமாட்டேன் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் கடலைக் காட்டினேன். மீன்களை வர்ணித்தேன். அண்ணி திரையருகில் குனிந்து பார்த்தார்.

“இதுல அந்தக் கார்டு என்னா வேல செய்யிது?”

“என்னா அண்ணி இப்பிடிக் கேக்குறீங்க? இப்ப படமெல்லாம் கார்டு வழியாத்தான் வருது. அதக் கழட்டுனா திரையில ஒரு புள்ளிகூட வராது!”

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? நிரூபித்துக் காட்டுகிறேன் என்று கம்ப்யூட்டரை அணைத்து, கார்டைக் கழற்றி, அம்மா நீட்டிய வெற்றிலைத் தட்டில் வைத்தேன். “இப்ப பாருங்க, இருட்டாதான் இருக்கும்,” என்று சுவிட்சைத் தட்டினேன்.

திரை பளிச்சென்று எரிந்தது. விளையாட்டைத் திறந்தால் அதே கடல், அதே அந்தி. அலை பாதியில் நின்று, மூச்சு வாங்கி, விழுந்தது.

“வந்துருச்சே,” என்றார் அண்ணி.

வாயில் வந்ததைச் சொன்னேன். “அது... கார்டோட சக்தி உள்ள கொஞ்சம் மிச்சம் இருக்கும் அண்ணி. அதுல ஓடுது.”

“சரி, தீரட்டும். நா இருக்கேன்,” என்று அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தார். எல்லாரும் குடித்து முடித்தோம். சக்தி தீரவில்லை. அப்பா மட்டும் மெதுவாக, “ஸ்பேர் டயரு மாதிரியாம்மா?” என்று கேட்டார்.

கார்டை எடுத்துப் புரட்டினேன். பின்பக்கத்தில் நகம் பட்டு ஒரு கறுப்பு ரப்பர் மூடி கழன்று விழுந்தது. உள்ளே வயர் குத்தும் ஓட்டை! தூசி போகாமலிருக்க யாரோ மூடி வைத்திருக்கிறார்கள். ஓட்டையே இல்லை என்று நினைத்து நான் திரையின் வயரைக் கம்ப்யூட்டரின் பழைய ஓட்டையிலேயே குத்தியிருக்கிறேன். இத்தனை மாதமும் கார்டு உள்ளே காற்றாடியைச் சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. கடலை வரைந்ததெல்லாம் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரேதான்.

கார்டைத் திரும்பப் பூட்டி, வயரைச் சரியான ஓட்டையில் மாட்டி, தரத்தையும் கூட்டினேன். இந்த முறை அலை நிற்கவே இல்லை. நிஜமாகவே அழகாக இருந்தது. மீன்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

“இது நல்லாத்தான் இருக்கு,” என்றார் அண்ணி. “ஆனா அதையும் நல்லா இருக்குன்னுதான சொன்ன?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மனிதர் தம் கைமுதல் முழுவதையும் என் பேச்சை நம்பிக் கொட்ட இருந்தாரே என்று நினைத்தபோது வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. சிவம் அண்ணனோ எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“அழுவாதம்மா. கார்டு வேல செய்யாமலே நீ இவ்ளோ சந்தோசமா இருந்துட்ட. என் கடைக்கு வர்ற பசங்களும் கொஞ்ச நாளு இருக்க மாட்டானுங்களா?”

கார்டு இல்லாத பழைய கம்ப்யூட்டர்களை வைத்தே கடையைத் திறந்தார். பையன்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் வந்தார்கள். கடை சம்பாதிக்கச் சம்பாதிக்க ஒவ்வொன்றாகக் கார்டு போட்டார். முதலிலேயே எல்லாப் பணத்தையும் கொட்டியிருந்தால் வாடகை கட்டவே வழியிருந்திருக்காது என்று அண்ணி இப்போதும் சொல்வார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைப் புகழ்ந்தாலும், “வயர மாட்டிப் பாத்தியா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. என்னைப் பெண் கேட்டு வந்த அன்று, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது, ரொம்ப நல்ல மாதிரி என்று அடுக்களையில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, என் காதருகில் குனிந்தார்.

“வயர மாட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றியாம்மா?”

“பாத்துட்டேன்பா,” என்றேன்.

(பார்க்கவே இல்லை. இன்றுவரை படம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.)