ஊஞ்சல் மூலைக்கு ஒரு பந்தயம்

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வெயில் எட்டாத மூலை ஒன்றே ஒன்றுதான். அங்கே என் வலை ஊஞ்சல் தொங்குகிறது. இருபது வருஷமாக மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் போய் விழுகிற இடம். அந்த மூலை தன் செடிகளுக்கு வேண்டும் என்றாள் என் மனைவி ரோசல்பா. உயிரே போனாலும் விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன்.

"உங்களுக்குச் செடியப் பத்தி என்ன தெரியும்?"

"ஏன் தெரியாது? தண்ட ஒடிச்சு நட்டா வளரும்."

"அப்ப ஒண்ணே ஒண்ண வேர் விட வெச்சுக் காட்டுங்க. மாசக் கடைசிக்குள்ள விட்டுட்டா மூலை உங்களுது. இல்லன்னா ஊஞ்சல நான் அவுத்துருவேன்."

சரி என்று கையில் அடித்தேன். எங்கள் காலர்கா ஊரில் காசு கொடுத்து வாங்கிய தண்டு வேர் விடாது. கேட்டு வாங்கினாலும் விடாது. திருடினால்தான் விடும். இது கைக்குழந்தைக்கும் தெரியும். பக்கத்து வீட்டு டோனா எதெல்வினாவிடம் காப்பி குடிக்கப் போனேன். அவள் சர்க்கரை எடுக்க உள்ளே போன நேரத்தில் ஒரு தண்டு என் தொப்பிக்குள் போய்விட்டது.

எதில் நடுவது? அங்கேதான் வந்தது வினை.

"தேங்கா நார்த்தூள்," என்றார் விதைக்கடைக்காரர்.

"நாரா? அழுகிடும்! கருக்கின நெல் உமிதான்," என்றார் முடி வெட்டுகிற டோன் எலியேசர்.

பஸ் டிரைவர் ஆற்று மணல் என்றார். பாதிரியாரோ, "பாட்டில் தண்ணி போதும். ஆனா தேய்பிறையில வைக்கணும்," என்றார். பாதிரியார் பொய் சொல்வாரா? டோன் எலியேசர் கையில் சவரக்கத்தியோடு சொன்னதை மறுக்க முடியுமா? ஒரே நாளில் நாலிலும் மாற்றி மாற்றி நட்டேன். ஊர் சுற்றிய களைப்பிலேயே அது செத்துப்போனது.

தலை சுற்றி, கடைசியில் ரோசல்பாவிடமே போய் நின்றேன்.

"எனக்கென்ன தெரியும்? எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு நட்டுப் பாருங்க. ஏதாவது ஒண்ணு பிழைக்காதா?"

எதிராளிக்கே யோசனை சொல்கிறாளே, இப்படி ஓர் ஏமாளியா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த நாலோடு பாசி, காப்பித்தோல் எரு இரண்டையும் சேர்த்து ஆறு வகை. பன்னிரண்டு பழைய பெயிண்ட் டப்பா. எதெல்வினா வீட்டையும் சேர்த்துப் பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு காப்பி, பன்னிரண்டு திருட்டு. குடித்த காப்பியில் மூன்று நாள் தூக்கமே வரவில்லை.

மாசக் கடைசியில் ஒரு டப்பாவைக் கவிழ்த்தேன். வெள்ளை வேர்! அடுத்ததிலும் வேர். பன்னிரண்டிலும் வேர். எது நல்லது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"ஜெயிச்சுட்டீங்க!" என்றாள் ரோசல்பா. "மூலை உங்களுது. ஆமா, இத்தனையும் எங்க வைக்கப் போறீங்க?"

"முற்றத்துல."

"ஒரு நாள் வெயில்ல கருகிடும்."

"ரூமுக்குள்ள?"

"இருட்டுல வெளுத்துப் போகும்."

"தூக்கிப் போட்டுடறேன்," என்றேன். சொன்னேனே தவிர, சுருண்டு எட்டிப்பார்த்த புதுத் தளிரைக் கண்டதும் மனசு கேட்கவில்லை. நான் வளர்த்ததல்லவா!

"யாருக்காவது குடுத்துடறேன்."

"யாருக்கு? எதெல்வினாவுக்கா? தன் வீட்டுச் செடிய அவளுக்கு அடையாளம் தெரியாதா?"

"அவ செடிய வேற வீட்டுக்கு, அந்த வீட்டுச் செடிய..."

"இவங்க ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகமாட்டாங்களா? பன்னெண்டு பேரும் ஒண்ணா நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க."

"அப்ப என்னதான் பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? மூலை உங்களுது. நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க."

பந்தயத்தில் ஜெயித்த நான் ஸ்டூல் மேல் ஏறி ஊஞ்சலை அவிழ்த்தேன். தோற்றவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.