தண்ணீர்க் குழுவிடம் நான் பேசிய மூன்று நிமிடம்

மரியாதைக்குரிய அண்ணனுக்கு, தங்கை எழுதிக்கொண்டது. நீங்களும் அண்ணியும் நல்லபடியாக இருக்க வேண்டும். எனக்கு முழங்கால் மட்டும்தான் தகராறு, மற்றதெல்லாம் ஓடுகிறது. உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. முதல் தடவை கண்ணாடி இல்லாமல் படித்ததால் கோபம் அவ்வளவாகத் தெரியவில்லை.

பேப்பரில் என் படத்தைப் பார்த்ததிலிருந்து வெளியே தலைகாட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவள் நான், வெட்கப்பட வேண்டியதும் நான்தான். நீங்கள் சட்டம் தெரிந்தவர், பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர். நான் ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைத்து மடிக்கிறவள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், தப்பு எங்கே என்று நீங்களே பாருங்கள்.

என் மகன் போய் ஏழு மாதம் ஆகிறது. அவனும் மெக்கானிக்கும் பதினோரு வருஷம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தினார்கள். நீங்கள் 'கூட இருக்கிற பையன்' என்றே சொல்வீர்கள். அவன் என்னை அத்தை என்று கூப்பிட்டதற்கு, "யாருக்கு யாருடா அத்தை?" என்று கத்தினீர்கள். என் மகன் போன அன்று, காலையில் அவன் குளியலறையில் விழுந்ததும் மெக்கானிக்தான் பட்டறை வேனில் போட்டுக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் "நீங்க என்ன உறவு?" என்று கேட்டார்கள். அவன் உள்ளதைச் சொன்னான். "அதெல்லாம் சட்டத்துல கிடையாதுங்க, சொந்தக்காரங்க வரட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். சொந்தக்காரி நான் ஆறு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. என் பிள்ளை ரெண்டு மணிக்கே போய்விட்டான். மெக்கானிக் கதவுக்கு வெளியே என் மகனின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். என் பிள்ளை போகும்போது பக்கத்தில் யாரும் இல்லை அண்ணா. இருக்க வேண்டியவன் ஒரு சுவர் தள்ளி நின்றான். அப்புறம் எல்லாத் தாளிலும் நான்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். ரத்த வகை என்ன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிறந்த தேதி சொன்னேன், அதையும் ஒரு நாள் தப்பாகச் சொன்னேன். மெக்கானிக் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சொந்தம் நான், விவரம் அவன்.

இதைக் கேள்விப்பட்டுத்தான், இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்களுக்காகப் போராடும் சங்கத்தின் தலைவி என்னைத் தேடி வந்தார். அவர் திருநங்கை, நல்ல கணீர்க் குரல். "அம்மா, ஆணும் ஆணுமோ, பெண்ணும் பெண்ணுமோ, எங்களை மாதிரி ஆளுங்களோ, சேர்ந்து வாழ்ந்தா சட்டமும் குடும்பம்னு ஒத்துக்கணும். மாநிலம் பூராவும் கையெழுத்து வாங்குறோம்" என்றார். நானும் ஒரு தாளை வாங்கிக்கொண்டு போய் சலவைக்கூடத்தில் நீட்டினேன். என்னோடு விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவள் படித்துப் பார்த்துவிட்டு, "என் புருஷனை உள்ள விடாம இருக்க ஒரு சட்டம் கொண்டு வாங்கக்கா, ரெண்டு கையெழுத்தாப் போடறேன்" என்றாள். இதற்கும் ஒன்று போட்டாள். மேற்பார்வையாளர் வருகைப் பதிவேடு என்று நினைத்து, வந்த நேரத்தையும் சேர்த்து எழுதி ஒன்று போட்டார்.

அதற்குப் பிறகு தலைநகரத்தில், இந்தச் சட்டத்துக்காகப் போட்ட சட்டசபைக் குழுவின் முன்னால் பேச என்னைக் கூப்பிட்டார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், மணி அடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கே பேசக்கூடாது என்பது விதி. கட்டடம் பெரிசு, எல்லாக் கதவும் ஒரே மாதிரி. ஒரு அறையில் எல்லாரும் தாளோடு உட்கார்ந்திருந்தார்கள், நானும் போய் டோக்கன் வாங்கினேன். என் முறை வந்ததும் எழுந்து, செருப்பு வரைக்கும் சொல்லி முடித்தேன், மணி அடித்தது. தலைவர் மெதுவாக, "அம்மா, உங்க தெருவுல தண்ணி ஒழுங்கா வருதுங்களா?" என்றார். "வருதுங்க" என்றேன். "அப்ப குறை என்னங்க?" "ஆளை உள்ள விடலைங்க." அது குடிதண்ணீர்க் குழு. எங்கள் குழு மாடியில் இருந்ததாம். தட்டச்சுக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் அடித்துவிட்டாள், இப்போது தண்ணீர்க் குழு அறிக்கையில் என் பிள்ளை இருக்கிறான். நான் மாடி ஏறிப் போனபோது அங்கே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தலைவி திட்டவில்லை, "அவங்களும் நாளைக்குச் சட்டசபையில ஓட்டுப் போடற ஆளுங்கதானேம்மா" என்றார். வாசலில் படம் எடுத்தார்கள். நான் கண்ணை மூடியது அப்போதுதான்.

தலைநகரம் வரைக்கும் போய் நான் கிழித்தது இவ்வளவுதான். சங்கமா அண்ணனா, ஒன்றைச் சொல் என்று கேட்டிருந்தீர்கள். பிறந்த வீட்டில் எனக்கு மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அதனால் இனி சங்கத்துக்குப் போகமாட்டேன், மெக்கானிக் வீட்டுப் பக்கமும் போகமாட்டேன். இது என் வாக்கு.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகள் எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேட்கும் தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் புதன்கிழமை எழுதி முடித்தேன். தபாலில் போடக் கிளம்பும்போது பட்டறையிலிருந்து போன் வந்தது. ஜாக்கி நழுவி மெக்கானிக்கின் காலில் வண்டி இறங்கிவிட்டதாம். பஸ் பிடித்துப் போனேன். ஆஸ்பத்திரியில் தாளை நீட்டி உறவு என்ன என்று கேட்டார்கள். 'அம்மா' என்று எழுதினேன். ஒருத்தரும் சான்று கேட்கவில்லை, "உள்ள போங்கம்மா" என்றார்கள். "எப்படி அத்தை விட்டாங்க?" என்றான். சொன்னேன். "அன்னிக்கு நானும் தம்பின்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அவன் பக்கத்துல இருந்திருப்பேனே அத்தை" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "நீ ஏண்டா பொய் எழுதணும்?" என்று கேட்டேன். ஆகவே அண்ணா, நான் கொடுத்த வாக்கை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை குழு மறுபடி கூடுகிறது, போகிறேன். இதை வேறு தாளில் புதிதாக எழுதுவதுதான் முறை. ஆனால் அவன் இப்போதுதான் என் கையைப் பிடித்தபடி தூங்குகிறான், தாள் வாங்க எழுந்தால் விழித்துக்கொள்வான்.