கூகைக்கு ஒரு ஒன்றுவிட்ட தம்பி

“கல்யாணத்தோட பொண்ணு படிப்பை நிறுத்திடணும். மத்தபடி எங்களுக்குச் சம்மதம்” என்று பிள்ளையின் அம்மா ஜகதாம்பாள் சொல்லி வாயை மூடவில்லை, கொல்லைப்புறத்திலிருந்து ‘கிறீஈஈச்’ என்று ஓர் அலறல் வந்தது.

சொஜ்ஜித் தட்டு அவள் கையிலிருந்து தரைக்கு இறங்கியது. “ஆந்தை. பேச்சு முடியற நேரத்துல ஆந்தை.”

பெண்ணின் அப்பா ஹாலாஸ்யம் ஓடிப்போய்க் கொல்லைக் கதவைச் சாத்தினார். எத்தனையோ வரன் தட்டிப்போன பிறகு, மகள் பட்டுவைப் பார்க்கப் பேரையூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். ஆனால் அவர் கல்லூரியில் பிராணி சாஸ்திரம் நடத்துகிறவர். தப்பான பெயரைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வரவில்லை.

“ஆந்தை இல்லை மாமி, கூகை. முகம் வெத்தலை மாதிரி, வெள்ளையா இருக்கும். கோபுரத்து மாடத்துல நிறைய உண்டு. எலி இருக்கற இடத்துக்கு வரும். இங்கே தினமும் வரது.”

“தினமுமா? இந்த ஆத்துக்கா?”

ஹாலாஸ்யம் அவசரமாகத் திருத்தினார். “ஒருவேளை இது அது இல்லையோ என்னவோ. சத்தம் கொஞ்சம் நீளம். கூகைக்கு ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் உண்டு, புல்கூகைன்னு. அதே முகம்தான், முதுகு கருப்பு, கால் நீளம். பொந்துல தங்காது. உயரமான புல்லுக்குள்ளே தரையிலேயே தூங்கும். ரொம்ப அபூர்வம். இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை.”

“யாரும் பார்க்காதது இன்னிக்கு நம்மளைத் தேடிண்டு வந்திருக்கு” என்றார் பிள்ளையின் அப்பா பட்டாபிராமன், அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டபடி.

“தேடிண்டு வரலை சார், போக்கிடம் இல்லாம வந்திருக்கும். கூகைக்குக் கவலையில்லை. நாம வீடு கட்டினா அதுக்கும் வீடு. நாம நெல்லு சேர்த்தா அதுக்கு எலி. புல்கூகைக்குப் புல்தரையை விட்டா வேற கதியில்லை. அதை உழுதுட்டோம்னா குஞ்சுகுளுவானோட வம்சமே அத்துப்போயிடும்.”

ஜகதாம்பாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நல்ல நாளும் அதுவுமா வம்சம் அத்துப்போறதைப் பேசறார். எழுந்திருங்கோ” என்றாள் ஜகதாம்பாள்.

பிள்ளையாண்டான் வெங்கட்ரமணன் மட்டும் வாசலில் தயங்கினான். “சார், அது முட்டை எத்தனை இடும்?”

“நாலஞ்சு இடும்” என்று ஹாலாஸ்யம் முகம் மலர ஆரம்பிப்பதற்குள், ஜகதாம்பாள் மகனை ஜட்காவில் ஏற்றிவிட்டாள்.

வண்டி தெரு திரும்பியது. ஹாலாஸ்யம் துவண்டுபோய்க் கொல்லைப்பக்கம் நடந்தார். வரன்தான் போயிற்று, வந்தது எந்தக் கூகை என்றாவது பார்த்துவிடலாம் என்று வேப்பமரத்தைக் கிளை கிளையாகத் துழாவினார். ஒன்றும் இல்லை.

சமையலறை ஜன்னல் வழியே பட்டுவின் குரல் கேட்டது. அம்மாவிடம் தணிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு தடவைதாம்மா கத்தினேன். மீதியை அப்பா பாத்துப்பார்னு தெரியும்.”