கோலமாவில் நான் போட்ட கோடு

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவமானம் ஒன்றுமில்லை. தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். என்னால் அது இந்தப் பிறவியில் ஆகாது. அதனால் என் பட்டறையில் இரண்டு சுவர்கள் போயின.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. (அதிலும் முழுப்பரீட்சைக்கு அம்மை போட்டிருந்தது.) ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருளைக் கூட்டிப் பெருக்கித் தொழில் கற்று, சூளகிரிப் பக்கம் எங்கள் ஊரிலேயே சொந்தப் பட்டறை போட்டவன். இன்ஜினியர்கள் படத்தை வைத்துக்கொண்டு முழிக்கும்போது, நான் உருப்படியைக் கையில் உருட்டிப் பார்த்தே அரை நூல் அளவு குறைகிறது என்பேன். அரை நூல்தான் குறையும்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, காந்தி ஜெயந்திக்கு முந்தின வாரம். ஒரு கல்லூரியிலிருந்து முப்பது பிள்ளைகள் முகாம் என்று வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். எங்கள் ஏரி ஏன் நிரம்புவதில்லை என்பதை ஊர்க்காரர்களை வைத்தே கண்டுபிடித்து, கிராம சபையில் தீர்மானம் போடவைப்பது அவர்கள் திட்டம்.

ஏரி ஏன் நிரம்பவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மலையிலிருந்து ஏரிக்கு வந்த ஓடையில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல்தான் என் பட்டறையைக் கட்டியிருந்தேன். 'முள் மண்டிச் செத்துப்போன ஓடைதானே' என்று மனசாட்சிக்குச் சொல்லியிருந்தேன். (அதுவும் ஐந்தாம் வகுப்புதான், நம்பிவிட்டது.) ஊரில் பாதிப்பேர் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள்; ஓடை யாருக்கும் ஞாபகமில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டறை பிழைத்துவிடும். அவ்வளவுதான் வேலை.

மாரியம்மன் கோயில் முன்னால் தரையை மெழுகி, ஊர்ப்படத்தைக் கோலமாவால் போடச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குத் தலைவி கவிப்ரியா என்ற பெண். "நாங்க தொட மாட்டோங்க. ஊரு உங்களுது, நீங்கதான் போடணும்" என்றாள். பெண்கள் வீடுகளைப் போட்டார்கள். நான் சிவப்புப் பொடியை வாங்கி என் பட்டறையைப் போட்டேன். அது கோயிலைவிட நாலு மடங்கு பெரிதாக வந்துவிட்டது. பெண்கள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"ஏரிக்குத் தண்ணி எந்த வழியா வந்துச்சுங்க?" என்று கேட்டாள் கவிப்ரியா.

எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் முனிரத்தினம் அண்ணன் நீலப் பொடியோடு உட்கார்ந்தார். "கிழக்கால, ரோட்டோரமா வரும்மா" என்று ஒரு கோடு இழுத்தார்.

தப்பு. சுத்தத் தப்பு. கிழக்கே மேடு! பிள்ளைகளோ அதைப் பரவசமாக நோட்டில் எழுதினார்கள். ஒருவன் "சூப்பருங்கய்யா" என்றான். அதுவும் அண்ணனைப் பார்த்து! எனக்கு வயிறு எரிந்தது. எதிரே என் மனைவி ராணி கண்ணை உருட்டித் தலையை ஆட்டினாள். 'நீங்க சொல்லுங்க' என்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

"அண்ணா, எந்திரி. உனுக்கு என்னா தெரியும்?"

"எனுக்குத் தெரியாதது உனுக்குத் தெரிஞ்சிடுச்சா? போப்பா, போயி போல்ட்டு கடையி."

"தண்ணி மேட்டுல ஏறுமாண்ணா? குடு அத!"

பொடியைப் பிடுங்கினேன். "இங்க மலை. இங்க புளியமரம். இங்க ஒரு வளைவு..." கோடு பாம்பு போல நெளிந்து வந்தது. சிவப்புக் கட்டத்தின் ஒரு பக்கம் நுழைந்தது, மறுபக்கம் வெளியே வந்தது, ஏரியில் விழுந்தது. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தேன், கைதட்டலுக்காக.

ஒருவரும் தட்டவில்லை.

கவிப்ரியா குனிந்து பார்த்தாள். "அய்யா, இந்தச் சிவப்புக் கட்டம் என்னாதுங்க?"

"அதுவா? அது வந்து..."

"சொல்லுங்க," என்றாள் ராணி. "வளைவெல்லாம் விடாம போட்டீங்களே, அதையும் சொல்லுங்க."

முனிரத்தினம் அண்ணன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் போட்டது தப்பும்மா. தம்பி போட்டதுதான் கரெக்ட்டு." (அவர் வேண்டுமென்றேதான் தப்பாகப் போட்டார் என்பது ராணியின் கட்சி. அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)

ஓடையை மீட்கும் தீர்மானத்தைக் கிராம சபையில் எதிர்த்துப் பேசி மடக்கிவிடுகிறேன் என்று வீட்டில் சபதம் போட்டு, சலவை வேட்டியில் போனேன். நான் வாய் திறப்பதற்குள் கவிப்ரியா மைக்கைப் பிடித்தாள். "சொந்தப் பட்டறைன்னும் பார்க்காம ஓடையைக் காட்டிக் கொடுத்தவரு அய்யாதாங்க!" என்றபடி எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினாள். அதுவரை என் தோளில் விழுந்ததெல்லாம் லேத்துச் சுருள்தான். பொன்னாடையைப் போட்டுக்கொண்டு எப்படி எதிர்ப்பது? "எனக்கு ஊருதான் முக்கியம்! என் சுவத்த நானே இடிக்கிறேன்!" என்று யாரோ மைக்கில் முழங்குவது கேட்டது. யாரென்று பார்த்தால், நான்.

"கூரை இருக்கட்டும்ணா," என்றார் பஞ்சாயத்துத் தலைவரம்மா, இரக்கத்தோடு. "தண்ணிக்கு மட்டும் வழி விடு, போதும்."

தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். போட்டோ எடுக்கிறார்களே என்று நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

மறுநாளே பிள்ளைகள் கடப்பாரையோடு வந்தார்கள். என் டீயைக் குடித்துக்கொண்டே என் சுவர் இரண்டையும் இடித்து, நான் கொட்டிய மண்ணைத் தோண்டி வழி விட்டார்கள். ஐப்பசி மழையில் ஓடை ஒரு சுவர் வழியே நுழைந்து, லேத்துக்கும் ஆபீஸ் மேசைக்கும் நடுவே ஓடி, மறுசுவர் வழியே வெளியேறியது. ஏரி நிரம்பியது. நான் பலகை போட்டுத் தாண்டி ஆபீசுக்குப் போனேன். உருப்படி பார்க்க வந்த ஒரு கம்பெனி அதிகாரி, ஓடும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "மிஷின் சூடாகாம இருக்க ஏற்பாடா?" என்று கேட்டார். "ஆமாங்க, எல்லாம் நம்ம ஐடியா" என்றேன்.

சில வருஷம் கழித்து எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மெல்ல ஆரம்பித்தார்: "உங்களுக்குப் பட்டறை ஒண்ணுதானுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் ராணி காபியை நீட்டினாள். "ரெண்டுங்க. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளைகளும் வந்தாயிற்று. சம்பந்தி வீட்டில் இன்றும் எனக்கு 'ரெண்டு பட்டறைக்காரர்' என்றுதான் பெயர். சொல்லும்போது சிரிக்கிறார்கள். நான் மறுப்பதில்லை. எண்ணிப் பார்த்தால் இரண்டுதானே?