மாமனார் வீட்டின் மேல் ஓடுதளம்

ஓடுதளம் சரியாக மாமனாரின் சமையலறைக்குள் நுழைந்து, கொல்லைப்புறம் வழியாக வெளியேறியது.

அருள்முருகன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கணினித் திரையைப் பார்த்தான். அப்போதும் அது அங்கேயேதான் இருந்தது. கனகசெட்டிக்குளத்தில் சிவப்பு ஓடு வேய்ந்த மாமனார் வீடு. அதன் மேல் தடித்த கறுப்புக் கோடு. வரைந்தவன் வேறு யாருமில்லை, அவனேதான். காலையில் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, காற்று இந்தப் பக்கம், கடல் அந்தப் பக்கம் என்று ரசித்து ரசித்துப் போட்ட கோடு. அடியில் கிடந்த செயற்கைக்கோள் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தான்.

உழவர்கரையில் ஒரு மாடியில் இயங்கிய நகரமைப்பு நிறுவனத்தில் அவன் மூத்த வரைவாளன். புதிய விமான நிலைய நகரம் ஒன்றைத் திட்டமிடும் வேலை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. வெறும் விமான நிலையம் என்றால் பரவாயில்லை. ஓட்டல், ஆஸ்பத்திரி, அடுக்குமாடிகள், ஊர்ப்பட்ட சரக்கெல்லாம் வந்து இறங்கிப் பிரிந்து போகும் ஒருங்கிணைந்த சரக்கு மையம் என்று ஒரு பெரிய நகரத்தையே கேட்டிருந்தார்கள். புதுச்சேரியில் அதற்கு இடம் தேடுவது, பாய் விரிக்க இடமில்லாத வீட்டில் இரட்டைக் கட்டில் போடுகிற மாதிரி. எங்கே போட்டாலும் யார் காலையாவது இடிக்கும். அது மாமனார் காலாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

மனைவி ஒரேலிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னான். அவள் பதறினாள். அப்புறம் சமாதானமானாள். அவள் பதறியதைவிட சமாதானமானதுதான் அவனைக் கதிகலங்க வைத்தது.

"போனா போவுது அருள். பப்பாவும் மமாவும் நம்ம கூட வந்து இருக்கட்டும். வேற எங்க போவாங்க? பால்கனிய அடைச்சு ரூமாக்கிடலாம்."

"எத்தினி நாளைக்கு?"

"என்னா கேள்வி இது? இனிமே எப்பவும்தான்."

அருள்முருகன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

மாமனார் ஜூல், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். ராணுவம்தான் அவருக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவர் யாருக்கும் ஓய்வு கொடுத்ததில்லை. போன மழைக்காலத்தில் ஓடு ஒழுகுகிறது என்று, சாரம் பகுதியில் இவர்கள் இருந்த சின்ன அடுக்குமாடி வீட்டுக்கு வந்து தங்கினார். வந்த மறுநாளே விடிவதற்கு முன் விசில் ஊதினார். படுக்கை விரிப்பில் சுருக்கம் தேடினார். செருப்புகளை அணிவகுத்து நிற்க வைத்தார். "வீத்! வீத்!" என்று பிரெஞ்சில் அவசரப்படுத்தியதில், மேல்வீட்டுக்காரர்கூட மாடிப்படியில் ஓட ஆரம்பித்தார். குளியலறைக்குள் செல்போனோடு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அருள்முருகனுக்கு உலகத்திலேயே பிடித்த காரியம். அதற்கும் ஆபத்து வந்தது. கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"மாப்பிள்ளை! உள்ள உயிரோட இருக்கீங்களா, இல்ல வீரமரணமா?"

மழை விட்டு அவர் கிளம்பிப் போன அன்று, அருள்முருகன் கதவைத் தாழிட்டுவிட்டு அதிலேயே சாய்ந்து உட்கார்ந்து அழுதான். அது ஆனந்தக் கண்ணீர். அந்த மனிதர் நிரந்தரமாக வருவது என்றால்?

ஓடுதளத்தை நகர்த்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதன் நுனியைச் சுட்டெலியால் பிடித்து லேசாக வடக்கே திருப்பினான். மாமனார் வீடு தப்பித்தது.

"எதுக்கு திருப்புனீங்க?" என்று கேட்டார் நிறுவனத்தின் தலைவி நிர்மலாதேவி.

"காத்து மேடம். கொஞ்சம் மாத்தி அடிக்குது."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சாலைகளை வரையும் இளஞ்செழியன்தான் பின்னால் வந்து எட்டிப் பார்த்து அலறினான்.

"சார்! பிளேன் நம்ம ஊர்ல எறங்கி, தமிழ்நாட்டுல போய் நிக்குது சார்!"

அருள்முருகன் பார்த்தான். கனகசெட்டிக்குளத்தோடு புதுச்சேரி முடிந்துவிடும் என்பது பள்ளிக்கூடம் போகாத ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். மாமனார் பயத்தில் அவனுக்கு மறந்துவிட்டது.

"எல்லையில செக்போஸ்ட் வெச்சிருக்காங்க சார். ஓடற பிளேன கை காட்டி நிறுத்துவாங்க. அம்மாம் பேரையும் எறக்கி, பையில பிராந்தி பாட்டில் இருக்குதான்னு பாத்துட்டுதான் அனுப்புவாங்க" என்றான் இளஞ்செழியன். நம் ஊர் பழக்கம் தெரிந்தவன் ஆகையால் கவலையோடுதான் சொன்னான்.

அருள்முருகன் அவசரமாக ஓடுதளத்தைத் தெற்கே இழுத்தான். இழுத்தால் மாமனார் வீடு. விட்டால் தமிழ்நாடு. கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாகத் தூக்கிக் கடற்கரையை ஒட்டி வைத்தான். கடலுக்கு யார் மாமனார் இருக்கப் போகிறார்?

அந்தப் படத்தைத்தான் ஊர்க்கூட்டத்தில் மக்களுக்குக் காட்டினார்கள். மீனவர் பஞ்சாயத்துத் தலைவர் கலியபெருமாள் எழுந்து வந்து, படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது எங்க பொம்பளைங்க கருவாடு காயப்போடற எடம். இதுலயா பிளேன் எறங்குது?"

"ஐயா, அதுக்கு வேற எடம்..." என்று ஆரம்பித்தார் நிர்மலாதேவி.

"நீங்க பிளேன ஓட்டுவீங்க. எங்க கருவாட்டு மேல ஏறுன டயரோட அது டெல்லில போய் எறங்கும். அங்க இருக்கறவன் மூக்கப் புடிச்சிக்கினு எங்கள ஏசுவான். எங்களுக்கு இதெல்லாம் தேவையா?"

கூட்டம் ஆமோதித்துக் கூச்சலிட்டது. படகு நிறுத்தும் இடம், வலை உலர்த்தும் இடம், திருவிழாவுக்குச் சாமி வந்து இறங்கும் இடம் என்று ஆளுக்கொரு விரல் படத்தின் மேல் பதிந்தது. காருக்குத் திரும்பியபோது நிர்மலாதேவியின் முகம் வெளிறியிருந்தது.

"என்ன அருள் இது? முதல்ல போட்ட எடத்துல இந்தக் கருவாடெல்லாம் இல்ல. நீங்கதான் காத்து காத்துன்னு இழுத்துட்டு வந்தீங்க. இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா, நீங்க வேற வேல பாத்துக்க வேண்டியதுதான்."

அவனுக்கு இன்னொரு அதிர்ச்சி. இப்போது வேலையும் ஆட்டம் கண்டுவிட்டது. பேசாமல் பழைய இடத்துக்கே போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். பால்கனியில் நின்று விசில் ஊதும் உருவம் கண்முன் வந்தது. ஓடுதளத்தைத் தூக்கி மேற்கே வைத்தான்.

அதிசயம். அங்கே வீடு இல்லை, கோயில் இல்லை, கருவாடு இல்லை, எல்லை இல்லை. ஆனால் சரக்கு மையம் இருந்தது. அதாவது, அதற்கென்று ஏற்கெனவே அவனே ஒதுக்கிய இடம் அது. சரக்கு மையத்தை அப்படியே வெட்டி எடுத்து, உழவர்கரை ஓரத்தில் காலியாகத் தெரிந்த இடத்தில் ஒட்டினான்.

நிர்மலாதேவி படத்தை இரண்டு முறை பார்த்தார்.

"ஓடுதளம் அங்க. சரக்கு மையம் இங்க. நடுவுல ஊரே இருக்கு. ஒருங்கிணைந்த சரக்கு மையம்னு அட்டையில போட்டிருக்கோம். எப்படி ஒருங்கிணைக்கறது? கொரியர் அனுப்பியா?"

"நடுவுல நேரா ஒரு லாரி ரோடு போட்டுட்டா ஒருங்கிணைஞ்சிடும் மேடம்."

அவர் யோசித்தார். அப்புறம் இளஞ்செழியனைக் கூப்பிட்டார்.

"ரோட நீங்க போடுங்க. நல்லா அகலமா, வளைவே இல்லாம. அருள், நீங்க அந்தப் பக்கம் கையக்கூட வெக்கக் கூடாது."

"வெக்கவே மாட்டேன் மேடம்" என்றான் அருள்முருகன் மகிழ்ச்சியோடு. அவனுக்கு ரோட்டைப் பற்றி என்ன கவலை? உடனே மொட்டை மாடிக்குப் போய், மாமனாருக்குப் போன் போட்டான். மனிதர் மாப்பிள்ளையின் அருமையை இனியாவது உணரட்டும்.

"மாமா! ஓடுதளத்த மாத்தியாச்சு. உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆவாது. நான்தான் மாத்துனேன்."

மறுமுனையில் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நிச்சயமாவா மாப்பிள்ளை?"

"சத்தியமா மாமா. ஒரு ஓடுகூட அசையாது."

"அப்படியா" என்றார் ஜூல். குரல் கம்மியிருந்தது. "மெர்சி, மாப்பிள்ளை" என்று பிரெஞ்சில் நன்றியும் சொன்னார்.

பாவம், கிழவர் நெகிழ்ந்துவிட்டார் என்று அருள்முருகனுக்கே கண் கலங்கியது. அன்று மாலை குளியலறையில் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தான்.

திட்டத்துக்கு ஒப்புதல் தரும் குழு வந்தது, பார்த்தது, கைதட்டியது. ஓடுதளத்தைவிட லாரி ரோட்டைத்தான் அவர்கள் வானளாவப் புகழ்ந்தார்கள். அம்பு விட்ட மாதிரி இருக்கிறது என்றார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய பிறகு, பெரிய படத்தைச் சுவரில் மாட்டினார்கள். அருள்முருகன் கையில் கேக்கோடு, அந்த அம்பு எந்த வழியாகப் போகிறது என்று முதல்முறையாகப் பார்த்தான்.

உழவர்கரையில் கிளம்பிய ரோடு, ஓடுதளத்தைப் பிடிக்கச் சாரம் வழியாகப் பாய்ந்தது. சாரத்தில் அவனுடைய தெருவுக்குள் நுழைந்தது. நுழைந்து, கேக்கை அவன் கையிலிருந்து நழுவ வைத்தது.

"இளஞ்செழியா... இங்க ஒரு அபார்ட்மெண்ட் இருக்குமே?"

"இருந்தது சார். பழசு. கார் நிறுத்தக்கூட எடம் கெடையாது. எந்தப் புண்ணியவான் அதுல குடியிருக்கானோ" என்றான் இளஞ்செழியன்.

"நான்தான்டா."

இளஞ்செழியனின் வாயிலிருந்த கேக்கும் அப்படியே நின்றது. நிர்மலாதேவி வந்து, விஷயம் கேட்டு, நெற்றியில் கைவைத்துக்கொண்டார். ஆனால் ஒன்றும் செய்வதற்கில்லை. முத்திரை குத்தியாகிவிட்டது. அருள்முருகனுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. அவனை யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பழி வாங்கவில்லை. தன் வீட்டின் மேல் லாரி விட்டது அவனேதான்.

செய்தி கேட்டு ஒரேலி சோபாவில் சரிந்தாள். ஆனால் அவள் தைரியசாலி, மறுபடியும் சமாதானமாகிவிட்டாள்.

"நல்லவேள, பப்பா வீட்டயாவது நீ காப்பாத்துன! நாம அங்க போயிடலாம் அருள். அங்கதான் எடம் தாராளமா இருக்குதே."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கனகசெட்டிக்குளம் போனார்கள். கூடத்தின் நடுவே ஜூலின் பெரிய தகரப்பெட்டி திறந்து கிடந்தது. அதிலிருந்து கம்பளிக் கோட்டு, ஸ்வெட்டர், பதக்கங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து அவர் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். முகம் என்னவோ போல் இருந்தது. மாப்பிள்ளையின் துணிமணிக்குப் பெட்டியைக் காலி செய்கிறார் போலும் என்று அருள்முருகன் உருகினான்.

"வாங்க மாப்பிள்ளை. விஷயத்த ஒரேலி சொன்னா" என்றார் ஜூல். "கடைசி ரூம் உங்களுக்கு. காலைல விசில் சத்தம் கேக்கலன்னு நாளைக்கு சாக்கு சொல்லக் கூடாது, கதவ தெறந்து வெச்சிட்டு படுங்க."

ஒரேலி அப்பாவுக்கு உதவப் போனாள். அருள்முருகன் சமையலறைக்குள் போய், அன்று ஓடுதளம் நுழைந்த அதே இடத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தான். மாமியார் ஜோசஃபின் அவன் கையில் காபியைக் கொடுத்தார். அதிகம் பேசாத மனுஷி. கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாமா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்காருன்னு மனசுல வெச்சிக்காதீங்க மாப்பிள்ளை, வீட்டு மேல ரன்வே வருதுன்னு ஒரேலி சொன்னதுமே, யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு, பிரான்சுல வயசான சொல்தாங்க தங்கற இல்லத்துல எங்க ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் எடம் புடிச்சி பொட்டியும் கட்டிட்டாரு, நீங்க மட்டும் போன் பண்ணலன்னா இன்னேரம் நாங்க பாரிசுல எறங்கியிருப்போம்!"