கூடத்துக்குள் குடை பிடித்த பதினொரு பேர்

மதிப்புக்குரிய ஸ்கெல்பெக் வாரச்செய்தி ஆசிரியர் ஐயாவுக்கு,

அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவர்கூடக் கோட்டு போட்டிருக்கவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான். நலம் விசாரிக்காமல் விஷயத்துக்குள் நுழைந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்; தாங்களும், தங்கள் அலுவலக வாசலில் படுத்திருக்கும் பழுப்பு நாயும் நலம்தானே? நேரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் நாயைத் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

என் பெயர் மார்னி ஓல்ட்ராய்டு. வயது பதினேழு. போன வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டவள். கட்டடக் கலைஞர் மிஸ் இமோஜென் பென்ரோஸிடம் அட்டை வெட்டி, பசை தடவி, மாதிரிக் கட்டடம் செய்யும் வேலை பார்க்கிறேன். யாரிடமும் பேச வேண்டாத வேலை. எனக்கு வேறென்ன வேண்டும்? சென்ற இதழின் முதல் பக்கத்தில் ‘புதிய சந்தைக் கூடமும் ஒழுகும்: கட்டடக் கலைஞரே ஒப்புக்கொண்டார்’ என்று எங்கள் மாதிரியின் படத்தோடு போட்டிருந்தீர்கள். படம் அழகாக வந்திருந்தது. செய்திதான் தப்பு. அந்தக் குடைகளை வைத்தவள் நான்.

மாதிரியில் நிற்க வைக்கிற குட்டி மனிதர்கள் பெட்டியில் வருவார்கள், ஐயா. விரல் நகம் உயரம்தான். எல்லாருக்கும் அரைக்கைச் சட்டை. ஸ்கெல்பெக்கில் அரைக்கைச் சட்டையோடு சந்தைக்குப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பாவமாக இருந்தது. குண்டூசியும் கறுப்புக் காகிதமும் எடுத்து ஆளுக்கொரு குடை செய்து கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் வேலை. அப்போ மாதிரிக்குக் கூரையே கிடையாது. அது தனியா தூக்கி வைக்கிறது, மிஸ் பென்ரோஸ் தன் வீட்டுல வெச்சு செஞ்சுக்கிட்டிருந்தாங்க. என் கண்ணுக்கு நாற்பத்து மூணு பேரும் வெட்டவெளியிலதான் நின்னாங்க. யாரு உள்ளே, யாரு வெளியேன்னு எனக்கெப்படித் தெரியும்? ஊரார் கருத்துக் கேட்கிற அன்னிக்கு, தேவாலயக் கூடத்துக் கதவு திறக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது அவங்க ஓடி வந்து கூரையைத் தூக்கி வெச்சாங்க. மாதிரியோட சுவரெல்லாம் கண்ணாடி. மீன்கடை டோரீன்தான் முதல்ல குனிஞ்சு பாத்தாங்க.

“ஏங்க, உள்ளேயும் பதினோரு பேர் குடை புடிச்சிருக்காங்களே!”

“பென்ரோஸம்மா கட்டடம்னா பின்ன?” என்றார் கறிக்கடை நார்மன். “அவங்க கட்டுன லைப்ரரியில வாளிய மடியில வெச்சுக்கிட்டுப் படிச்சவன் நான்.”

கூடமே சிரிச்சுது. பக்கத்து ஊரில் அந்த நூலகத்தைக் கட்டினபோது அவங்களுக்கு முப்பது வயசு. கோடையில பரிசு வாங்குச்சு, இலையுதிர் காலத்துல ஒழுகுச்சு. அப்புறம் இத்தனை வருஷமும் கார் கொட்டகை, பொதுக் கழிப்பறை, ஒரு பாதிரியாருக்குச் செடி வளர்க்கக் கண்ணாடி அறை, அவ்வளவுதான். இந்தச் சந்தைக் கூடத்தை வியாழக்கிழமை நகரசபைக் குழு நிராகரித்துவிட்டால் தன் அலுவலகத்தையே மூடிவிடுவதாக என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்.

“குடைய வெச்சது யாரு?” என்று நார்மன் விடாமல் கேட்டார். நான் தேநீர் மேசைக்குப் பின்னால நின்னு கோப்பைகளை எண்ணிக்கிட்டிருந்தேன். மிஸ் பென்ரோஸ் என்னை ஒரு தடவை பாத்தாங்க. “இந்த மாதிரிக் கட்டடம் என் ஆபீஸ்ல இருந்து வந்தது. எல்லாம் நான் வெச்சதுதான். ஆனா கூரை ஒழுகாது”ன்னாங்க. உங்கள் நிருபர் முதல் பாதியை மட்டும் எழுதிக்கிட்டுப் போயிட்டார். திரும்புற வழியில கார்ல திட்டு விழும்னு காத்திருந்தேன். “ஏன் மார்னி, அந்தக் கைக்குழந்தைக்குமா குடை?”ன்னு கேட்டு, சிரிப்பு தாங்காம வண்டிய ஓரங்கட்டிட்டாங்க. நானும் சிரிச்சேன். பள்ளிக்கூடத்துல தப்பு செஞ்சு நான் சிரிச்சதே இல்லை.

ஆகவே, குடைகள் மழைக்காக வைத்தவை, கூரைக்காக அல்ல, தவறு முழுக்க என்னுடையது என்று வியாழனுக்கு முன் அச்சிட்டு உதவ வேண்டுகிறேன். தங்கள் பத்திரிகை மை மங்காமல் பல்லாண்டு வெளிவரட்டும். நாய்க்கு என் அன்பு.

இப்படிக்கு, மிஸ் பென்ரோஸுக்குத் தெரியாமல் எழுதும்,
மார்னி ஓல்ட்ராய்டு

பி.கு.: மேலே உள்ள எதையும் தயவுசெய்து அச்சிட வேண்டாம். உறையில் ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன், வீணாக்க மனமில்லாமல்தான் அனுப்புகிறேன். இப்போதுதான் டோரீன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் சந்தைக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட காகிதம். நார்மன் கையெழுத்துதான் முதலில்.

“பழைய சந்தைக் கொட்டகைய மூணு ஆர்க்கிடெக்ட் வந்து சரி பண்ணாங்கம்மா. மூணு பேரும் ஒழுகாதுன்னாங்க. இன்னும் என் மீன் மழைத்தண்ணியிலதான் நீந்துது. ஒழுகும்னு முன்கூட்டியே சொன்ன ஒரே ஆளு நீங்க. உங்களத்தான் நம்பலாம்னு முடிவு பண்ணிட்டோம்.”

“டோரீன், ஒழுகாதுன்னுதான் நானும் சொல்றேன்!” என்றார் மிஸ் பென்ரோஸ்.

“சொல்லுங்க, சொல்லுங்க. நீங்க அப்படித்தானே சொல்லணும்.” கண்ணைச் சிமிட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். “அந்தக் குடைய மட்டும் எடுத்துடாதே கண்ணு. வியாழக்கிழமை அதைக் காட்டித்தான் பேசப் போறோம்.”

அவர் போனதும் நான் கூரையைத் தூக்கி, உள்ளே ஆடிக்கொண்டிருந்த மூன்று குடைகளுக்கு நன்றாகப் பசை வைத்தேன்.