ஐயனாருக்குப் போன முதிரை மரங்கள்

வற்றாப்பளை அம்மாள் துணை

அன்பும் படிப்பும் நிறைந்த மருமகன் நிஷாந்தன் அவர்களுக்கு, மாமா ஏரம்பு எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாமியும் நலம். மாடுகள் நலம். யானைகளும் மிக நலம்; கிணற்றடி வாழைகளைச் சாப்பிட்டுவிட்டு நேற்றுத்தான் திரும்பிப் போயின. கண்டியில் நீங்களும் மகள் பிரஷாந்தினியும் அவ்வாறே சுகமாயிருக்க அம்மாளைக் கும்பிடுகிறோம்.

நிற்க. குளத்துக்குப் பின்னால் உள்ள பழங்காட்டுக்கு நீங்கள் எழுதித் தந்த திட்டம் எந்த அளவில் நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. உள்ளே கோறை விழுந்து பொந்தான கிழட்டுப் பாலை மரங்களைத் தொடக்கூடாது, இருவாய்ச்சிக் குருவி அந்தப் பொந்துகளில்தான் கூடு வைக்கிறது, கரடிக்கும் பாலைப் பழம்தான் சாப்பாடு. விதை கொட்டும் தாய்மரங்களையும் விட்டுவிட வேண்டும். நெருங்கி நிற்கும் முதிரைகளில் பதினொன்றை மட்டும் அடையாளமிட்டு வெட்டி விற்றால் காடும் காடாக இருக்கும், வருகிற காசில் யானை வேலியும் போடலாம். வன அதிகாரியும் சோதனை முயற்சி என்று இந்த மாதக் கடைசிவரை அனுமதி தந்துவிட்டார். காட்டோரத்துக் கடைசி வயல் என்னுடையது என்பதால் ஊரில் வேறு யாரையும்விட எனக்குத்தான் இந்த வேலி வேண்டும். கதிர் முற்றுமுன் அது வராவிட்டால் இந்தப் போகம் யானைகளுக்குத்தான்.

மரங்களுக்குப் பச்சைப் பெயின்ற் அடிக்க நானும், வனச் சங்கத் தலைவர் செந்தூரனும், செயலாளர் நேசமலர் அக்காவும் போனோம். இங்கே காட்டுக்குள் போகிறவர்கள் பயம் வந்தால் இலையோடு ஒரு குழையை முறித்துக் கிளையில் தொங்கவிட்டு ஐயனாரைக் கும்பிடுவதும், குழை தொங்கும் மரம் அதன்பிறகு ஐயனாருடையது என்பதும் வன்னியில் பெண் எடுத்த உங்களுக்குத் தெரிந்ததுதான். முதல் மரத்துக்குப் பெயின்ற் அடித்து முடியப் பற்றைக்குள் ஏதோ உறுமியது. கரடி என்றார் தலைவர், சொன்ன கையோடு ஒரு குழையை முறித்துக் கைக்கெட்டிய மரத்தில் தொங்கவிட்டார். கைக்கெட்டிய மரம் பெயின்ற் காயாத அந்த முதிரைதான். இரண்டாவது மரத்தடியில் யானை இலத்தி ஆவி பறக்கக் கிடந்தது, அக்கா முறித்தார். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, ஒரு சத்தமும் இல்லை, அதுவே எனக்குப் பெரிய பயமாக இருந்தபடியால் நான் முறித்தேன். இப்படியே போய், வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் விளங்கியது, வெட்டுவதற்கென்று அடையாளமிட்ட பதினொரு மரத்தையும் ஐயனாருக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். வேறு ஒரு மரத்திலும் ஒரு குழைகூடத் தொங்கவில்லை.

மறுநாள் முல்லைத்தீவிலிருந்து மர வியாபாரி நளீர் ஆட்களோடும் மரம் இழுக்கிற உழவு மெசினோடும் வந்தார். நிதானமான மனுசன். பதினொன்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மரம் அரியும் வாள்களைத் திரும்ப மெசின் பெட்டியில் ஏற்றச் சொன்னார்.

“ஐயா, நானும் இந்தக் காட்டைப் பார்த்து வளர்ந்தவன். குழை தூங்கிற மரத்தில வாள் வைக்க என்ர ஆக்களுக்குக் கை வராது. எனக்கும் வராது. வேற மரம் காட்டுங்கோ.”

வேறு மரம் என்றால், வெட்டுகிற பருமனில் மிச்சம் நிற்பவை நீங்கள் தொடக்கூடாது என்ற குருவி மரங்கள்தான். அன்று பின்னேரமே சங்கம் கூடியது. குருவிக்குச் செட்டை இருக்கிறது, அது செட்டிகுளம் பக்கம் போய்க் கூடு வைக்கட்டும் என்று தலைவர் அபிப்பிராயப்பட்டார். எனக்கு வேலி வேண்டும் என்பதை நானே ஒரு கணம் மறந்துபோனேன் மருமகன். “என்ர மருமகன் ஒரு வருசமா வெய்யிலுக்குள்ள திரிஞ்சு பார்த்த மரங்கள். ஒண்டையும் தொட விடமாட்டன்” என்று மேசையில் அடித்தேன். தேத்தண்ணி முழுவதும் தலைவரின் மடியில் போயிற்று. கடைசியில் ஐயனார் கோயில் பூசாரியார்தான் வழி சொன்னார்: வெள்ளிக்கிழமை பொங்கிப் படைத்து, முதிரைகளில் இருக்கும் ஐயனாரைக் கிழட்டுப் பாலை ஒன்றுக்கு எழுந்தருளச் செய்யலாம், பிறகு வெட்டினால் குற்றமில்லை. ஆகையால் அனுமதியை இன்னும் இரண்டு கிழமைக்கு நீட்டித் தரும்படி நீங்கள் அதிகாரியிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும். இதைத் தவறவிடாதீர்கள், என் நெல்லே இதில்தான் இருக்கிறது.

நீங்களும் மகளும் பதினாறும் பெற்று, படிப்பும் பதவியும் உயர்ந்து நெடுங்காலம் வாழ மாமியும் நானும் மனமார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா
ஏரம்பு

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் வெள்ளிக்கிழமையும் வந்து போய்விட்டது. பொங்கலுக்கு ஊரே திரண்டது. அத்தனை சனம் காட்டுக்குள் போனால் அத்தனை பேருக்கும் பயம் வரும்தானே, ஆளுக்கு இரண்டு மூன்று குழை. இப்போது அந்தக் காட்டில் ஐயனாருக்குச் சொந்தமில்லாத மரமே கிடையாது. இவ்வளவு மரத்திலும் அவர் இருக்கும்போது யானை எப்படி வரும், வேலி எதற்கு என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டது. ஐயனாரை முழுக்க நம்புகிற மாமி பக்கத்தில் இருந்தபடியால் நானும் கை உயர்த்தினேன். எனவே அதிகாரியிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். உங்கள் குருவிகள் தப்பிவிட்டன, அதில் எனக்கு உண்மையாகவே சந்தோசம். அடுத்த கிழமை வரும்போது யானை விரட்டுகிற வெடி கிடைக்கிற அளவுக்குக் கொண்டு வாருங்கள். மாமிக்குத் தெரிய வேண்டாம்.